இரண்டு விரல்கள், ஒரு நகரப் பேருந்து

பேருந்தில் நான் கைபேசியை எடுப்பதில்லை. பைக்குள் அது அதிர்வது தெரிந்தாலும், அழைப்பது குடியாத்தத்தில் இருக்கும் அண்ணன்தான் என்று தெரிந்தாலும், இறங்கும்வரை விட்டுவிடுவேன். தவிர்க்கவே முடியாது என்றால் எடுத்து, ஆங்கிலத்தில் அப்புறம் அழைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். அண்ணனுக்கு அது பிடிக்காது. "பெரிய ஊட்டுப் பொண்ணாய்ட்ட போல, எங்களோட பேசறதுக்கு இங்கிலீசு வேணுமா?" என்று ஒருமுறை கேட்டார். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நான் திரும்பும் மாலைப் பேருந்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. "மச்சான், அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்குதுடா வண்டி, நீ சாப்ட்ரு" என்று கோயம்புத்தூர்த் தமிழிலும் திருநெல்வேலித் தமிழிலும் வண்டி முழுக்கக் கேட்கும்படி பேசுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்க்கிறேன். அவர்களை அல்ல, மற்றப் பயணிகளின் முகங்களை. எந்த முகம் மாறுகிறது, யார் எழுந்திருக்கிறார்கள், வாசலுக்கு எத்தனை தூரம் என்று பார்க்கிறேன். எந்த முகமும் மாறுவதில்லை. அதன் பிறகும் எனக்குக் கோபம் அந்தப் பையன்கள் மேல்தான் வருகிறது. மெதுவாகப் பேசித் தொலைத்தால் என்ன?

இந்த நகரத்துக்கு நான் வந்தது தொண்ணூறாம் ஆண்டு, ஒரு தமிழ் மாலை நாளிதழின் உதவி ஆசிரியராக. கன்டோன்மென்ட் பக்கத்தில் அலுவலகம். கீழே அச்சு இயந்திரம், மேலே நாங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்றுத்தரப்பட்ட விதிகளில் ஒன்று கலவரச் செய்தி எழுதும் முறை. யார் அடித்தார்கள், யார் அடிபட்டார்கள் என்று இனம், மதம், மொழி சொல்லி எழுதக் கூடாது. "இரு பிரிவினர்", "ஒரு கும்பல்", "குறிப்பிட்ட பகுதி". செயப்பாட்டு வினை கைகொடுக்கும்: கடைகள் தாக்கப்பட்டன, பேருந்துகள் மறிக்கப்பட்டன. எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றாமல் இருக்க ஏற்பட்ட நல்ல விதி அது. மறு ஆண்டு டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்த ஊரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது அந்த விதியின்படிதான் நானும் எழுதினேன். அப்போது எனக்கு எதுவும் நடக்கவில்லை. இதைத்தான் பதினைந்து ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். வீடு இழந்தவர்கள் இருந்தார்கள், உயிரே போனவர்கள் இருந்தார்கள். என் மேல் ஒரு கை கூடப் படவில்லை. நான் வந்த பேருந்து மறிக்கப்பட்டது, கொஞ்ச நேரத்தில் விடப்பட்டது. பெட்டிச் செய்திக்குக்கூடத் தேறாது.

போன ஆண்டு, ரம்ஜான் மாதத்து மாலை ஒன்றில், சிவாஜிநகரில் அந்தச் செய்தி என் தொண்டையில் வந்து நின்றது. என் மகள் கயல்விழிக்குத் துணி எடுக்கப் போயிருந்தோம். அவளுக்குப் பத்து வயது. கபாப் புகையும் வளையல் வண்டிகளும் ஆட்களும் அடைத்துக்கொண்டிருந்த சந்தில் அவள் கை என் கையிலிருந்து நழுவியது. அவளுடைய மஞ்சள் ரிப்பன் நாலைந்து தலைகளுக்கு அப்பால் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கூப்பிட வாய் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தேன். அப்போதும் காற்றுதான். ரிப்பன் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினேன். ஆனால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு வளையல் கடைக்காரர் அவளைத் தன் முக்காலியில் உட்காரவைத்திருந்தார். "இன்னாமா நீங்க, புள்ள பேரச் சொல்லி ஒரு கொரல் குடுக்கக் கூடாதா? இங்கயேதான் இருந்துச்சு" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் கயல் அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் கேட்டுக்கிட்டேதாம்மா இருந்தேன். நீ கூப்பிடவே இல்ல" என்றாள். மறுநாள் என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் விசில் கிடந்தது, நடத்துனர்கள் வைத்திருப்பதைப் போன்ற விசில். தெருமுனைக் கடையில் வாங்கியிருக்கிறாள். "அடுத்த தடவ இத ஊது" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மாவின் குரலை நம்ப முடியாது என்று ஒரு குழந்தை முடிவு செய்து, அதற்கு மாற்று ஏற்பாடும் செய்திருந்தது.

என் கணவர் சேகர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவின் அப்பா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்து, நடுவில் உருதுவையும் தொட்டுக்கொள்வார். அவருக்கு அது மூன்று மொழிகள் என்பதே நினைவிருக்காது. தொண்ணூற்றொன்றில் அவர்கள் தெருவில் கன்னடக்காரர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து முனையில் காவல் இருந்தார்களாம். கேரம் போர்டு விளையாடிக்கொண்டிருந்ததாக அவர் அதைச் சொல்வார். "எங்க ஏரியாக்குள்ள எவன் மா வருவான்?" என்பதோடு அவருக்கு அந்த ஆண்டு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளை ரொம்ப நன்றாக இருக்கிறது, பாட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்றார். நான் இப்போது கணினி மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் நிறுவனத்தில் இருக்கிறேன். அங்கே வாரம் ஒருமுறை வரும் ஆலோசகரிடம் போனேன். அவர் எடுத்த எடுப்பில் வேலை அழுத்தமா என்றார். இல்லை என்றேன். மேலாளர் பிரச்சினையா என்றார். கடைத்தெருவில் மகளைக் கூப்பிட முடியவில்லை என்றேன். அவர் கனிவோடு தலையாட்டி, வேலையையும் குடும்பத்தையும் சமன் செய்வது கடினம்தான் என்று சொல்லி மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். நல்ல பயிற்சிதான். போகும்போது, பழைய பயங்களுக்குக் கண்ணசைவுச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, செய்கிற டாக்டர் ஒருவர் இந்திராநகரில் இருக்கிறார் என்று பெயர் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் சேகர் சிரித்துவிட்டார். "கண்ண இந்தாண்ட அந்தாண்ட ஆட்டறதுக்கு டாக்டரா? டிவில டென்னிஸ் மேட்ச் பாரு, போதும்."

டாக்டர் சுமா தும்கூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் போன குழுக்களில் அவரும் இருந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மீனவக் குடும்பங்களோடு சில மாதங்கள் வேலை செய்ததில் அவருக்குக் கொஞ்சம் தமிழ்ச் சொற்கள் வரும்: அலை, படகு, பாப்பா, பயப்படாதீங்க. அதாவது பேரிடருக்குத் தேவையான தமிழ். மற்றபடி நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன்: தொண்ணூற்றொன்றில் கலவரம் நடந்தது, ஒரு பேருந்து மறிக்கப்பட்டது, பயணிகள் சிலர் விசாரிக்கப்பட்டனர், யாருக்கும் காயமில்லை. அவர் முகம் மாறியது. பேனாவை வைத்துவிட்டு, "ஐ ஆம் சோ ஸாரி. எங்கள் ஆட்கள் உங்களுக்கு அப்படிச் செய்ததற்கு நான் வெட்கப்படுகிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும், நீங்கள் அப்போது கல்லூரியில் இருந்திருப்பீர்கள், நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவும் கன்னடக்காரர்தான், கலவரத்தின்போது எனக்கு மூன்று நாள் சாப்பாடு போட்டார் என்றெல்லாம் நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. வந்த வேலை அன்று நடக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது எரிச்சலாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இந்த ஊரில் எங்கோ பேரன் பேத்தியோடு இருப்பார்கள். கேட்கத் தேவையில்லாதவர் கேட்டு, அதை வாங்கிக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்தது.

அடுத்த முறை அவரே அதைச் சரிசெய்தார். சென்ற வாரம் தான் டாக்டராக இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு, முறையை விளக்கினார். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். சாதாரணமாக நடந்த ஒன்று நாளடைவில் பழைய செய்தி ஆகிவிடுகிறது. அளவுக்கு மீறிய பயத்தோடு நடந்தது மட்டும் அப்படி ஆகாமல், பார்த்த காட்சி, கேட்ட சத்தம், உடம்பில் இருந்த இறுக்கம் எல்லாம் ஒட்டியபடியே கிடக்கிறது. ஏதாவது ஒன்று தொட்டால் முழுவதும் இன்றைக்கு நடப்பதுபோல் எழுந்துகொள்கிறது. அதில் ஒரு காட்சியை மனதில் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் செய்கிறார்கள். நினைவு அங்கே, கண் இங்கே என்று மனம் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருப்பதால் அந்தக் காட்சியின் பிடி தளர்கிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவுதான் வேலை செய்கிறதா, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து மறுபடி நினைப்பதே போதுமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். அதைச் சொன்னதால்தான் நான் தொடர்ந்து போனேன்.

ஆனால் எடுத்தவுடன் பயத்துக்குள் இறங்கிவிட மாட்டார்கள். முதலில் ஓர் அமைதியான இடத்தை மனதில் தயார்செய்துகொள்ள வேண்டும். தாங்க முடியாமல் போனால் திரும்பி வருவதற்கு. "உங்கள் சொந்த ஊர்? வயல், கிணறு, அப்படி ஏதாவது?" என்று சுமா ஆர்வமாகக் கேட்டார். குடியாத்தத்தில் நாங்கள் இருந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால். வீட்டுக்குள் எந்நேரமும் சொத்துச் சண்டை. கடற்கரை? எனக்குக் கடல் பழக்கமில்லை. மலை? தலைசுற்றும். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் எனக்கே வியப்பாக ஓர் இடம் கிடைத்தது: மத்தியானம் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும் அச்சுக்கூடம். மை வாடை, தரையின் அதிர்வு, இயந்திரத்தின் இரைச்சல். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். "அண்ணே, மூணாம் பக்கத்த நிறுத்துங்க, தலைப்பு தப்பு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. "அவ்வளவு சத்தமான இடமா?" என்று சுமா கேட்டார். அவருக்குப் புரியவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்.

பிறகு விரல்கள். என் நாற்காலிக்கு நேரெதிரே இல்லாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக வீசுவார். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். கொஞ்சம் வீசிவிட்டு நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, "இப்போது என்ன வருகிறது?" என்பார். வந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும். "அதோடு போங்கள்" என்று மறுபடி வீசுவார். விளக்கம் கேட்பதில்லை, அறிவுரை இல்லை. எனக்கு வந்தது கண் எரிச்சல்தான். "உங்கள் கண் நடுவில் நடுவில் நின்றுவிடுகிறது" என்றார் ஒரு நாள். உண்மைதான். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வங்கியின் கன்னட நாட்காட்டி தொங்கியது. விரல் கடந்துபோகும்போதெல்லாம் நான் அதில் ஒரு சொல்லைப் படித்துக்கொண்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த கண் எழுத்தைக் கண்டால் நின்றுவிடும். அவர் நாட்காட்டியைக் கழற்றிக் கீழே வைத்தார். அந்த வாரமும் பயனில்லை. என்ன வருகிறது என்று கேட்டால், "ஒரு கும்பல் பேருந்தில் ஏறுகிறது. பெண் பயணி ஒருவர் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்" என்றேன். "அந்தப் பயணி யார்?" என்றார். நான்தான் என்றேன். "நீங்கள் எங்கிருந்து பார்க்கிறீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் கவனித்தேன். நான் பேருந்துக்குள்ளேயே இல்லை. நடைபாதையில், புகைப்படக்காரர் நிற்கும் இடத்தில் நின்று, பேருந்தின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலவரச் செய்திக்கான விதியை என் நினைவுக்கும் பயன்படுத்தி, யார் பெயரும் வராமல் எழுதிவைத்திருந்தேன். என் பெயரும் சேர்த்து.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காட்சியோடு உங்களைப் பற்றி என்ன எண்ணம் ஒட்டியிருக்கிறது, ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்பார். "நான் பாதுகாப்பாக இல்லை", "நான் உதவியற்றவள்" என்று ஆங்கிலத்தில் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். எதுவும் பொருந்தவில்லை. தலைப்புப் போடுவதுபோல நான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் சலித்துப்போய், தமிழில் வந்ததை அப்படியே சொன்னேன். "என் குரல் அசிங்கம்." சொன்ன பிறகு எனக்கே திடுக்கென்றது. மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "எனக்குப் புரிய வேண்டியதில்லை. அந்த மொழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவரிடம் நான் முழுதாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. அவருக்குப் பொருள் தெரியாது என்பதே அதைச் சொல்ல எனக்கு உதவியிருக்கலாம்.

அதற்கு அடுத்த அமர்வில் அவர் விரல்களை உயர்த்தியதும் என் முதுகில் வேர்த்தது. விரல்கள் அசையத் தொடங்கவே இல்லை. முகத்துக்கு முன்னால் நின்றன, அவ்வளவுதான். அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் நீளவாக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நடத்துனர்கள் அப்படித்தான் நோட்டுகளைச் செருகியிருப்பார்கள். அந்த நொடியில் நான் நடைபாதையில் இல்லை. பெண்கள் இருக்கையில், ஜன்னலோரம், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தேன். பையை எங்கள் பத்திரிகைத் தாளால் சுற்றியிருந்தேன். சிவாஜிநகரில் ஏறி அல்சூருக்குப் போகிற வழியில் வண்டி நின்றது. ஆட்கள் ஏறினார்கள். பின்பக்கத்திலிருந்து ஒவ்வொருவரையும் பேசச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பேச்சைக் கேட்டால் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அப்போது கன்னடம் புரியும், வாயில் வராது. நடத்துனர் என் பக்கத்தில் வந்து நின்றார். சாப்பாட்டுப் பையைச் சுற்றியிருந்த தாளைப் பிடுங்கிக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினார். நோட்டுகள் செருகிய இரண்டு விரல்களை என் உதட்டுக்கு நேராக நீட்டினார். பேசாதே. பிறகு அவர்களிடம் திரும்பி, "நன்ன தங்கி. அவளிகெ மாத்து பரல்லா" என்றார். என் தங்கை, பேச்சு வராது.

சுமா நிறுத்தவில்லை, விரல்கள் இப்போது அசையத் தொடங்கியிருந்தன. கண் தொடர்ந்துகொண்டிருந்தது, நான் ஒரு வரி, ஒரு வரியாகச் சொன்னேன். அவர்களில் ஒருவன் நம்பவில்லை. பேச்சு வராதவர்கள் ஏதோ ஒரு சத்தம் போடுவார்களே, போடச் சொல் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போட்டேன். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. மாடும் இல்லை, நாயும் இல்லை. என் தொண்டையிலிருந்து வந்தது. அவன் சிரித்தான், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள், பயணிகளில் ஒருவரும் சிரித்தார். அவர்கள் அடுத்த நிறுத்தம்வரை என் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் பேச்சு வராதவளாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு எதுவும் நடக்கவில்லை என்று பதினைந்து ஆண்டுகள் சொல்லிவந்தது இதைத்தான்.

எனக்கு அன்று வந்த கோபம் அந்தக் கும்பல் மேல் இல்லை. நடத்துனர் மேல். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அந்த மனிதர் தன் வேலையையும் தலையையும் பணயம் வைத்து என்னைக் காப்பாற்றினார். அவர் மொழிக்காரர்களிடமே பொய் சொன்னார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் என் வாயை மூடிய கை அவருடையது. கும்பல் இறங்கிப்போய்விட்டது, அந்த இரண்டு விரல்கள் இறங்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபம் இருந்ததால், அந்தக் கையையே படத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. "அதோடு போங்கள்" என்றார் சுமா. போனேன். தாங்கவில்லை, அச்சுக்கூடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் இரைச்சலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். விரல்கள் இடமும் வலமும் போய்வந்தன. அப்போதுதான் நோட்டுகள் ஆடுவதைப் பார்த்தேன். நடத்துனரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு என்னைவிட வயது ஒன்றிரண்டு கூடுதலாக இருந்திருக்கும். கும்பல் இறங்கி வண்டி நகர்ந்த பிறகு அவர் என்னிடம் குனிந்து சொன்னார்: "ஈக மாத்தாடம்மா. யாரூ இல்லா." இப்போது பேசம்மா, யாரும் இல்லை. நான் பேசவில்லை. அல்சூரில் இறங்கி நடந்துவிட்டேன்.

இந்தக் கடைசிப் பகுதியை நான் அதற்கு முன் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆகவே அது நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது சாட்சி இல்லாமல் செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று படித்தவள் நான். சுமாவிடம் இதைக் கேட்டேன். மனம் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு, தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். "ஆனால் இப்போது அந்தச் சத்தத்தை நினைத்துப் பாருங்கள்" என்றார். நினைத்தேன். பயந்துபோன ஒரு பெண் உயிர் பிழைக்கப் போட்ட சத்தம் அது என்று பட்டது. "என் குரல் அசிங்கம்" என்பதைச் சொல்லிப் பார்த்தேன். யாரோ எழுதிய மோசமான தலைப்புப் போல இருந்தது. திருத்திவிடலாம் என்று தோன்றியது.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களும், இங்கே என்னைப் போல் வந்து தங்கியவர்களும் இதை மாயமந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். மாதக்கணக்கில் போனேன். சில அமர்வுகளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கெட்ட கனவு வந்தது. வரும் என்று சொல்லியே அனுப்பியிருந்தார். விரலை யார் வேண்டுமானாலும் ஆட்டலாம், ஆட்டிவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் ஆட்ட வேண்டும். சேகர் ஒருநாள் வேடிக்கைக்காகக் கரண்டியை என் முகத்துக்கு முன்னால் ஆட்ட, எனக்கு அன்று முழுவதும் படபடப்பு. அதன் பிறகு அவர் டென்னிஸ் பற்றிப் பேசவில்லை. "சாரி மா, எனக்கு இவ்ளோ தெரியாது" என்றார். என் எரிச்சல் இப்போதும் தீரவில்லை. எந்த ஊரில் வாய் அடைத்ததோ அதே ஊரில், அதே மொழிக்காரர் ஒருவரின் விரல்களுக்கு முன்னால் உட்கார்ந்துதான் அதைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. அந்தப் பதினைந்து ஆண்டில் என் மகள் தெருவில் தமிழ் பேசும்போதெல்லாம் நான் அவள் கையை அழுத்தி, "மெதுவா பேசு" என்று சொல்லி வளர்த்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. பழகிக்கொண்டாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சீருடைத் துணி எடுக்கச் சிவாஜிநகருக்குப் போனோம். எடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். எனக்கு முன்னால் ஓடி இடம் பிடிப்பது கயலின் வேலை. கையில் துணிப் பையோடு நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு வண்டியில் ஏறிவிட்டாள். எண்ணைப் பார்த்தேன். எங்கள் வண்டி இல்லை. ஊரின் மறு கோடிக்குப் போகிற வண்டி. அது நகரத் தொடங்கியது. என் கை பைக்குள் விசிலைத் தேடியது. சாவி கிடைத்தது, சீப்பு கிடைத்தது, விசில் கிடைக்கவில்லை.

"கயலு! ஏய் கயலு! எறங்குடீ, அது நம்ம பஸ்ஸு இல்ல!"

அச்சுக்கூடத்துக் குரல். நிலையத்தின் மறுபக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். அந்த வண்டியின் நடத்துனர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்; வண்டி நின்றது; மஞ்சள் ரிப்பன் இறங்கி வந்தது. நான் வழக்கம்போல முகங்களைப் பார்த்தேன். பூ விற்பவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர், "மகு சிக்தா?" என்று கேட்டார், பிள்ளை கிடைத்ததா என்று. "சிக்கிதளு" என்றேன், கிடைத்துவிட்டாள் என்று. அவர் தன் வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். கயல் என் அருகில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, என் கையை அழுத்தினாள்.

"ஏம்மா இப்டிக் கத்தற? எல்லாரும் பாக்கறாங்க. மெதுவா பேசு."

சரியான பேருந்தில் ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் நானும் உட்கார்ந்தோம். கைபேசி அதிர்ந்தது. அண்ணன். எடுத்துக் காதில் வைத்தேன். அதே நேரத்தில் நடத்துனர் வந்து என் முன்னால் நின்று, நோட்டுகள் செருகிய விரல்களை நீட்டினார். என் கண்கள் பழக்கத்தில் அந்த விரல்களைத் தொடர்ந்து இடமிருந்து வலமாகப் போயின.

"எல்லிகெ?" என்றார் நடத்துனர், எங்கே போக வேண்டும் என்று.

"எங்கமா கீற?" என்றார் அண்ணன்.

நடத்துனருக்கு முதலில் கன்னடத்தில் பதில் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணன் லைனில் காத்திருந்தார். கயல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பஸ்ல இருக்கேண்ணா" என்றேன், அவருக்கு நன்றாகக் கேட்கும்படி.